நாக்குக்குக் கீழே தண்ணிப் பை: கீறி விட்டால் போதுமா, சுரப்பியையே எடுக்க வேண்டுமா?

இரணைமடுத் தகப்பன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு 14 வயது. தைப்பொங்கல் முடிந்த கையோடு நாக்குக்குக் கீழே வலப்பக்கம் ஒரு கொப்புளம் மாதிரி வந்தது. நோ இல்லை, காய்ச்சல் இல்லை, நீலம் கலந்த கண்ணாடி நிறம். பனங்கிழங்கு சாப்பிடும்போது அது உடைந்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஏதோ வந்தது, அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மூன்று கிழமையில் திரும்ப வந்தது, இந்த முறை பெரிய நெல்லிக்காய் அளவு. நாக்கை மேலே தள்ளுகிறது. வகுப்பில் எழுந்து வாசிக்கும்போது பெட்டைகள் சிரிக்கிறார்களாம், அதனால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று ஒரு கிழமை அடம்.

ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காட்டினோம். ரனுலா என்று சொல்லி, விறைப்பூசி போட்டு மேலே கீறி, ஓரங்களை மடித்துத் தைத்து விட்டார்கள். கொஞ்ச நேர வேலை. இரண்டு மாதம் நன்றாக இருந்தாள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அதே இடத்தில் அதே பை. இப்போது வாய் முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டு, நாக்கின் கீழ் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியையே எடுக்க வேண்டும், முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்கிறார்.

என் கேள்வி இதுதான். நிரம்புவது பை. அப்படியென்றால் பையை விட்டுவிட்டு, கடவுள் தந்த சுரப்பியை ஏன் எடுப்பான்? பிள்ளைக்கு வாய் காய்ந்து போகாதா? பக்கத்து வீட்டு ஐயா எலுமிச்சை முள்ளால் குத்திவிட்டு உப்புத்தண்ணியால் கொப்பளித்தால் போதும் என்கிறார். மனுசி ஒரு பக்கம் அழுகிறா. அனுபவப்பட்டவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் விவசாயி:

அண்ணை, அவசரப்பட வேண்டாம். என் தம்பிக்கு இதே மாதிரி வந்தது, ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள், இரண்டு வருடமாகத் திரும்பி வரவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் தியேட்டருக்குள் கொண்டு போகிற காலம். பெண்பிள்ளை வேறு. வாய்க்குள் கத்தி வைத்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னார். இன்னொரு டொக்டரிடமும் காட்டிப் பார்ப்பது நல்லது.

பல்லக்கா:

நான் பல் வைத்தியர், வன்னிக்குள் சில வருடங்கள் வேலை செய்தேன், இப்போது வேறு இடம். பிள்ளையின் வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். அண்ணை எழுதியதைப் பார்த்தால் உங்கள் டொக்டர் சொன்னது சரியாகத்தான் படுகிறது. முள்ளை மட்டும் கிட்டவும் கொண்டு போகாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

ரனுலா என்பது லத்தீன் சொல். ரானா என்றால் தவளை, ரனுலா என்றால் குட்டித் தவளை. எங்கள் ஊர்ப் பேச்சில் தவக்கைக்குட்டி. மாரி மழைக்குக் கத்தும் தவக்கையின் தொண்டை உப்பி மினுங்குமே, நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அந்த மாதிரித் தெரியும் என்பதால் அந்தப் பெயர்.

இப்போது உங்கள் கேள்வி. நாக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சுரப்பி இருக்கிறது. நாவடிச் சுரப்பி என்போம். அதிலிருந்து வாய்க்குள் திறக்கும் மெல்லிய குழாய்கள் பல. அவற்றில் ஒன்று கடிபட்டோ, அடிபட்டோ, அடைபட்டோ உடைந்தால் எச்சில் வாய்க்கு வராமல் தசைக்குள் கசியும். உடம்பு அதைச் சுற்றி ஒரு மெல்லிய வேலி கட்டும். நீங்கள் பார்க்கும் பை அந்த வேலிதான். பை எச்சிலைச் சுரப்பதில்லை, அதற்குச் சுரக்கவும் தெரியாது. பையைக் கீறினால் உள்ளே இருந்தது வெளியே வரும், காயம் மூடும், கசிவு அப்படியே நடக்கும், திரும்ப நிரம்பும்.

இன்னொரு விசயமும் இருக்கிறது, இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. காதுக்கு முன்னால் உள்ள பெரிய சுரப்பியும் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியும் புளியங்காயைக் கண்டால் பாய்ந்து சுரக்கும், நரம்பின் தூண்டுதல் இல்லாவிட்டால் அடங்கி இருக்கும். அவற்றின் குழாய் அடைத்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துவிடும். நாவடிச் சுரப்பி அப்படியில்லை. யாரும் தூண்டாவிட்டாலும், நித்திரையிலும், மெல்ல மெல்லச் சுரந்துகொண்டே இருக்கும், அதுவும் பிசின் மாதிரித் தடித்த எச்சில். அதனால்தான் அதில் கசிவு வந்தால் தானாக நிற்பது அரிது. 1970களில் பூனைகளில் செய்த பரிசோதனைகளில் நாவடிச் சுரப்பியின் குழாயைக் கட்டியபோது இதே மாதிரித் தண்ணிப் பை உருவானது.

வாய் காயுமா என்றால், காயாது. மொத்த எச்சிலில் நாவடிச் சுரப்பிகளின் பங்கு நூற்றுக்கு 5 அளவுதான், அதிலும் எடுப்பது ஒரு பக்கத்துச் சுரப்பியை. அவள் அதைக் கவனிக்கவே மாட்டாள்.

ஒட்டுசுட்டான் விவசாயி:

அப்போ இது வாய்க்கால் உடைந்த இடத்தை விட்டுவிட்டு வயலுக்குள் நின்று தண்ணி இறைக்கிற கதை என்கிறீர்களா அக்கா. அது விளங்குகிறது. ஆனால் என் தம்பிக்கு ஏன் திரும்பி வரவில்லை? அதையும் சொல்லுங்கள்.

பல்லக்கா:

உங்கள் தம்பிக்கு எங்கே வந்தது? நாக்குக்குக் கீழேயா, கீழ் உதட்டின் உட்பக்கத்திலா?

ஒட்டுசுட்டான் விவசாயி:

கேட்டுச் சொல்கிறேன். ஓம், உதட்டில்தானாம். நான் வாய்க்குள் என்றுதான் நினைவில் வைத்திருந்தேன்.

பல்லக்கா:

அதுதான் தம்பி. உதட்டில் வருவதும் எச்சில் கசிவுப் பைதான், பெயர் மியூக்கோசீல். எல்லா இடங்களையும் விடக் கீழ் உதட்டில்தான் கூடுதலாக வரும், பிள்ளைகள் உதட்டைக் கடிப்பதால். அங்கே இருப்பது கடுகளவு சின்னச் சுரப்பிகள். ஒன்று பழுதாகி ஓய்ந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பலருக்கு அங்கேயும் திரும்ப வரும், வந்தால் அந்தச் சின்னச் சுரப்பியோடு சேர்த்து எடுப்போம். நாக்குக்குக் கீழே இருப்பது அதே குடும்பத்துப் பிள்ளை, குணம் வேறு.

ஊசியால் உறிஞ்சுவதை நானும் செய்திருக்கிறேன், வைத்தியமாக அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க. தேன் மாதிரி நூல் இழுக்கும் திரவம் வந்தால், அதில் அமைலேஸ் என்ற எச்சில் நொதி கூடுதலாக இருந்தால், அது எச்சில்.

கண்ணாடித்துண்டு:

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒரு சண்டை பிடிக்க வந்தேன். எல்லோரும் இதை நீர்க்கட்டி என்று எழுதுகிறீர்கள், டொக்டர்மாரும் அப்படித்தான் துண்டில் எழுதி அனுப்புகிறார்கள். உண்மையான நீர்க்கட்டி என்றால் உட்சுவரில் மேலணிக் கலங்களின் வரிசை, அதாவது தோல் மாதிரி மூடி நிற்கும் கலங்கள், இருக்க வேண்டும். ரனுலா என்று வரும் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரிசை கிடையாது. காயம் ஆறும்போது வரும் சதை, அதற்குள் சளியைத் தின்று வீங்கிப்போன மக்ரோபேஜ் கலங்கள், நடுவில் சளி, அவ்வளவுதான். அதனால் அது போலிக் கட்டி. கசிவு வகை என்று பெயர்.

சிலவற்றில் வரிசை இருக்கும். குழாய் உடையாமல் அடைபட்டு, எச்சில் தேங்கி, குழாயே பலூன் மாதிரி விரிந்திருக்கும். அது தேக்க வகை, உண்மையான நீர்க்கட்டி. பொதுவாகச் சின்னது, வயது வந்தவர்களில்தான் கூடுதலாக வரும். நோய்களுக்கு இலக்கம் போடும் ஐசிடி-10 பட்டியலில் கே11.6 என்ற ஒரே இலக்கத்துக்குள் கசிவு, தேக்கம், ரனுலா எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஒன்றாகத்தான் கிடக்கும், நுணுக்குக்காட்டியில் பார்க்கும் கண்ணாடித்துண்டில் வேறு வேறு.

இரணைமடுத் தகப்பன்:

தம்பி, அந்த வரிசை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, என் பிள்ளைக்கு அதால் என்ன வித்தியாசம்? கோபிக்க வேண்டாம், விளங்காமல்தான் கேட்கிறேன்.

கண்ணாடித்துண்டு:

கோபம் ஒன்றும் இல்லை அண்ணை, நல்ல கேள்வி. உண்மையான நீர்க்கட்டியில் சுவர்தான் குற்றவாளி, ஒரு துண்டு மிச்சம் வைத்தாலும் திரும்ப வளரும், அதனால் சுவரை முழுதாக உரித்தெடுக்க வேண்டும். போலிக் கட்டியில் சுவர் அப்பாவி. ஊற்றை எடுத்து, தேங்கியதை வடித்துவிட்டால் சுவர் தானாக ஒட்டிக் கரைந்துவிடும். நீங்கள் முதலில் கேட்டீர்களே, பையை எடுக்காமல் சுரப்பியை ஏன் எடுப்பான் என்று, அதற்குப் பதில் இந்த வரிசை இல்லாததில்தான் இருக்கிறது.

மாங்குளச் சந்தி:

நான் இதைப் பட்டவன், அதனால் எழுதுகிறேன். எனக்கு வாய்க்குள் ஒன்றும் தெரியவில்லை. 22 வயதில் தாடைக்குக் கீழே, கழுத்தின் இடப்பக்கம் மெத்தென்று ஒரு வீக்கம். தொட்டால் தண்ணி நிரப்பிய பை மாதிரி இருக்கும், நோ இல்லை. முதலில் பார்த்தவர் நெறி கட்டியிருக்கிறது என்று அன்டிபயோட்டிக் தந்தார். பிறகு காசநோய் என்று சந்தேகப்பட்டுச் சளிப் பரிசோதனை, மார்புப் படம் எல்லாம் எடுத்தார்கள். வீட்டில் என் தட்டையும் கோப்பையையும் தனியாக வைத்துவிட்டார்கள். ஆறு மாதம் அப்படியே போனது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, எழுதினால் என்ன ஆகப் போகிறது.

கடைசியில் ஒரு வயதான சேர்ஜன் வீக்கத்தில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தார். கட்டியான மஞ்சள் தேன் மாதிரி வந்தது. பார்த்துவிட்டு, தம்பி இது கழுத்து வருத்தம் இல்லை, உன் நாக்குக்குக் கீழே இருக்கிற சுரப்பி கழுத்துக்குள் ஒழுகுகிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். எம்ஆர்ஐ எடுக்க யாழ்ப்பாணம் போனேன். படத்தில் கழுத்துப் பையிலிருந்து மேலே நாக்கடிப் பக்கம் வால் மாதிரி ஒரு கீற்று ஓடுகிறது, அந்த வாலைக் கண்டால் இதுதான் என்று சொல்லலாமாம்.

வாய்க்குள்ளால்தான் வெட்டிச் சுரப்பியை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு கீறலும் இல்லை. பையில் இருந்ததை உறிஞ்சி விட்டுவிட்டார்கள், அது தானாகச் சுருங்கிவிட்டது. மூன்று வருடம் ஆகிறது. சுரப்பி வாய்க்குள், வீக்கம் கழுத்தில், இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை வடிவாக விளங்கவில்லை, பல்லக்கா சொன்னால் நல்லது.

பல்லக்கா:

வாய்த் தளத்தில் தாடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஏணை கட்டினது மாதிரி ஒரு தசை கிடக்கிறது. மைலோஹையோயிட் என்று பெயர். நாவடிச் சுரப்பி அந்த ஏணைக்கு மேலே, கழுத்து அதற்குக் கீழே. கசிவு மேலேயே நின்றால் வாய்க்குள் தவக்கை தெரியும், அது சாதாரண ரனுலா, அண்ணையின் மகளுக்கு உள்ளது. பலருக்கு அந்த ஏணையில் பிறவியிலேயே கிழிசல் மாதிரி இடைவெளி இருக்கும், கசிவு அதுக்குள்ளால் கீழே இறங்கலாம். அல்லது ஏணையின் பின் ஓரத்தைச் சுற்றிக் கீழே போகலாம். அதைத்தான் கழுத்துக்குப் பாயும் ரனுலா என்று பிரிக்கிறோம். சிலருக்கு வாயிலும் தெரியும், கழுத்திலும் தெரியும். உங்களுக்கு மாதிரிக் கழுத்தில் மட்டும் தெரிந்தால் நெறி, காசநோய், தைரொயிட் என்று ஆக்களைச் சுற்ற வைக்கும்.

அண்ணை, இந்தப் பிரிவினை உங்களுக்கும் ஒரு வகையில் முக்கியம். மேலே மட்டும் திரும்பத் திரும்பக் கீறினால் மேற்பக்கம் தழும்பாகி மூடும், எச்சிலுக்கு மேலே வழியில்லாமல் கீழே வழி தேடும். கழுத்து வகை வந்தவர்களில் கணிசமான ஆக்கள் முன்னர் வாய்க்குள் கீறியவர்கள்தான். முள் வேண்டாம் என்று சொன்னதற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம் கிருமி. வாய்த் தளத்தில் கிருமி பிடித்துப் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சை அடைக்கும், 1836 இல் லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதிவைத்த வருத்தம், இன்றைக்கும் ஆளைக் கொல்லும். காய்ச்சல், விழுங்க ஏலாமை, பேச்சு குழறுவது, கழுத்து பலகை மாதிரி இறுகுவது என்று ஏதாவது வந்தால் கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் இரவென்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஒட்டுசுட்டான் விவசாயி:

சுரப்பியை எடுத்தால் திரும்ப வரவே வராது என்று எழுதித் தருவார்களா?

கண்ணாடித்துண்டு:

எழுதித் தர மாட்டார்கள், ஆனால் கணக்கு இருக்கிறது. 2004 இல் சீனாவிலிருந்து 580 ரனுலாக்களின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. திறந்து தைத்து விட்டவர்களில் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் திரும்ப வந்தது. பையை மட்டும் வெட்டி எடுத்தவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல். சுரப்பியை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவு. வாய்க்குள்ளால் எடுத்தாலும் கழுத்தால் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை, சுரப்பி போனதா இல்லையா என்பதுதான் கணக்கு.

பல்லக்கா:

அந்தக் கணக்கு சரி. ஆனாலும் முதலில் கீறி விட்ட டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பை, சின்ன வயது, விறைப்பூசியோடு முடியும், முழு மயக்கம் தேவையில்லை, மூன்றில் ஒருவருக்கு அதோடு தீர்ந்தும் போகும். முதல் தடவை அதைச் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் என்றால் இரண்டாம் தடவை அதையே செய்ய மாட்டேன்.

மல்லாவி அம்மம்மா:

என் பேரனுக்கு நாலு மாதம். பிறக்கும்போதே நாக்குக்குக் கீழே சின்னக் குமிழ். பால் குடிக்கிறான், வீணி கொஞ்சம் கூடுதலாக வழிகிறது. இவனுக்கும் சுரப்பியை எடுக்க வேணுமா பிள்ளை? இதை வாசித்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

பல்லக்கா:

பதறாதீர்கள் அம்மா. கைக்குழந்தைகளில் வருவது பலதும் குழாயின் வாய் திறபடாமல் இருப்பதால் வருவது. தானாகத் திறந்து வற்றிப் போவதும் உண்டு. வடிவாகப் பால் குடிக்கிறான், மூச்சு லேசாக விடுகிறான், நிறை கூடுகிறது என்றால் சில மாதம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வழமை. கிளினிக்கில் காட்டிப் பதிவு வைத்திருங்கள். பால் குடிக்கும்போது திணறினால், நீலம் பாய்ந்தால், குமிழ் கெதியாகப் பெருத்தால் உடனே கொண்டு போக வேண்டும். வீட்டில் யாரும் குத்த வேண்டாம். உங்களைத்தான் சொல்கிறேன் அம்மா.

மல்லாவி அம்மம்மா:

நான் குத்த மாட்டேன் பிள்ளை. இவன்ர அப்பப்பாதான் ஊசியை நெருப்பில் காட்டிக்கொண்டு நின்றார், பறித்து வைத்துவிட்டேன்.

மாங்குளச் சந்தி:

ஒரு இடத்தில் வாசித்தேன், வெட்டாமல் மருந்து ஊசி போட்டுக் காய வைக்கலாம் என்று. ஜப்பான்காரர் செய்கிறார்களாம். அது எங்களுக்குச் சரிவராதா?

பல்லக்கா:

ஓகே-432 என்பதைச் சொல்கிறீர்கள். செயலிழக்கச் செய்த ஒரு வகைக் கிருமியிலிருந்து செய்த மருந்து. பைக்குள் ஊசியால் விட்டால் உள்ளே அழற்சி உண்டாக்கிச் சுவர்களை ஒட்ட வைக்கும். சிலருக்குத் தீர்ந்திருக்கிறது, பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி தேவைப்படும், போட்ட பிறகு காய்ச்சலும் வீக்கமும் வரும். அதைத் தயாரிக்கும்போது பெனிசிலின் சேர்ப்பதால் பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்குப் போடவே கூடாது. நான் வேலை செய்த எந்தக் கிளினிக்கிலும் அதைக் கண்டதில்லை. பைக்குள்ளால் பட்டு நூலை ஓட்டிச் சில நாள் விட்டு, நூல் வழியே புது வாசல் உண்டாகச் செய்வதும் உண்டு. பிள்ளைகளின் சின்னப் பைகளுக்கு அது பரவாயில்லை. இரண்டு தடவை நிரம்பிய பைக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

இரணைமடுத் தகப்பன்:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. நிபுணர் கையொப்பம் வாங்கும்போது நாக்கு நரம்பு, குழாய் என்று ஏதோ சொன்னார். பதற்றத்தில் பாதி காதில் ஏறவில்லை. அதுதான் இப்போது நித்திரை வரவிடாமல் செய்கிறது.

பல்லக்கா:

அதை மறைக்காமல் சொன்ன மனுசன் நல்லவர். நாவடிச் சுரப்பிக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒன்று, தாடைச் சுரப்பியிலிருந்து வரும் வார்ட்டன் குழாய். 1656 இல் அதை விவரித்த ஆங்கில வைத்தியரின் பெயர். மற்றது நாக்குக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு. அந்த நரம்பு இந்தக் குழாயைக் கீழால் குறுக்கே கடந்து போகும், சுரப்பியை அவற்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதனால்தான் பொறுமையாகச் செய்ய முழு மயக்கம். சில சேர்ஜன்மார் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு வைத்துக்கொண்டு வெட்டுவார்கள், அது எங்கே ஓடுகிறது என்று கைக்குத் தெரிவதற்காக.

நரம்பு இழுபட்டால் அந்தப் பக்க நாக்கு சில கிழமை விறைத்த மாதிரி இருக்கும், பெரும்பாலும் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது அரிது, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாக்கை அசைக்கும் நரம்பு வேறு, அதனால் நாக்கு இழுத்துக்கொள்ளும் என்ற கதையை விடுங்கள். வெட்டிய அன்று இரவு வாய்த் தளம் கெதியாக வீங்கினால் உடனே மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும், உள்ளே இரத்தம் கசிந்தால் அப்படி வரும். முதல் இரவு வார்ட்டில் வைத்திருப்பதே அதற்காகத்தான், வீட்டுக்கு விடுங்கள் என்று நச்சரிக்காதீர்கள்.

வெத்திலைப் பெட்டி:

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 61. நாக்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு கட்டி, நாலைந்து மாதமாக. இதை வாசித்துவிட்டு ரனுலாதான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார், சந்தோசமாக இருக்கிறார். வெற்றிலை, பாக்கு, புகையிலை முப்பது வருடம். கட்டி கொஞ்சம் கடினம், மேலே வெள்ளையாக ஒரு படை.

பல்லக்கா:

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். ரனுலா மெத்தென்று இருக்கும், உள்ளே தண்ணி தெரியும், பெரும்பாலும் இளம் ஆக்களுக்கு வரும். கடினமானது, வெள்ளைப் படை, புகையிலை, 61 வயது, இந்த நாலும் சேர்ந்தால் நான் ரனுலா என்ற சொல்லையே பாவிக்க மாட்டேன். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. நாவடிச் சுரப்பியில் கட்டி வருவது அரிது, வந்தால் அதில் பெரும்பாலானவை கெட்ட வகை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மற்றவர்களும் கவனியுங்கள், நாக்குக்குக் கீழே வருவதெல்லாம் தவக்கை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீங்கி நோகிறது, பிறகு வற்றுகிறது என்றால் வார்ட்டன் குழாயில் கல். சரி நடுவில் மாவு உருண்டை மாதிரி இருந்தால் டேர்மொயிட் கட்டி, அதைச் சுவரோடு உரித்து எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளில் நிணநீர்க் குழாய்ப் பை இதே முகத்தோடு வரும். வெட்டுவதற்கு முன் ஸ்கான் கேட்டால் காசு பிடுங்கும் வேலை என்று நினைக்காதீர்கள்.

இரணைமடுத் தகப்பன்:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். செய்துவிட்டோம்.

காலையில் ஏழரைக்கு உள்ளே கொண்டு போனார்கள், பத்து மணிக்கு வெளியே வந்தாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மயக்கினதால் இரண்டு நாள் தொண்டை நோ. முதல் நாள் முழுக்க ஆறின பால்கஞ்சி, பிறகு இடியப்பத்தைச் சொதியில் ஊற வைத்துக் கொடுத்தோம், உறைப்பு இல்லாமல். நூல் தானாகக் கரையும் வகை. நாக்கின் வலப்பக்க நுனி விறைத்த மாதிரி இருக்கிறது என்று அழுதாள், பல்லக்கா எழுதியதைக் காட்டினேன், அதற்குப் பிறகு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் மாங்காய் புளிக்கிறது என்றாள். இப்போது ஒரு சின்ன இடம் மட்டும் மிச்சம்.

ரிப்போர்ட் வந்தது. நாவடிச் சுரப்பி, பக்கத்தில் கசிந்த சளி, மேலணி வரிசை இல்லை என்று போட்டிருக்கிறது. கண்ணாடித்துண்டுத் தம்பி, அந்த வரியை மட்டும் மூன்று தடவை வாசித்தேன், மனுசிக்கும் விளங்கப்படுத்தினேன், அவவுக்கு விளங்கியதா என்பது வேறு கதை. பக்கத்து வீட்டு ஐயா வந்து பார்த்துவிட்டு, முள்ளால் குத்தியிருந்தால் இவ்வளவு செலவு இருந்திருக்காது என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வான் காசைத் தவிர வேறு செலவே இல்லை என்று சொன்னேன், நம்பவில்லை.

கண்ணாடித்துண்டு:

வரிசை இல்லை. நான் சொன்னேன்தானே.

மல்லாவி அம்மம்மா:

நல்ல செய்தி தம்பி. என் பேரனின் குமிழ் போன கிழமை தானாக வற்றிவிட்டது. திரும்ப வருகிறதா என்று மகள் நாளுக்குப் பத்துத் தடவை வாயைத் திறந்து பார்க்கிறாள், பிள்ளை எரிச்சலில் கடிக்கிறான்.

பல்லக்கா:

அம்மா, பத்து வேண்டாம், கிழமைக்கு ஒன்று போதும். அண்ணை, ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் கொண்டு போய்க் காட்டுங்கள். வெத்திலைப் பெட்டி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனீர்களா?

வெத்திலைப் பெட்டி:

போனோம். துண்டு எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு கிழமை. வெற்றிலையை விட்டுவிட்டார். தட்டத்தை அம்மா கோடிக்குள் தூக்கி வைத்துவிட்டா. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன் அக்கா.